புதுத் தெருவுக்குக் குடிநீர்க் குழாய்: நின்ற கோப்பு நகர்ந்த விதம்

வேதாரண்யம் பக்கம் எங்கள் ஊரில் போர் போட்டால் உப்புத்தண்ணீர்தான். கொள்ளிடத்துக் கூட்டுக் குடிநீரே கதி. புதுத் தெருவுக்குக் குழாய் நீட்டக் கேட்ட மனு அப்படியே கிடந்தது. விசாரித்ததில், குழாய் நெடுஞ்சாலையைக் கடக்கிறது, ஊராட்சி அனுமதி மட்டும் போதாது என்றார்கள்.

கிராம சபையில் தீர்மானம் போட்டோம். வீடுகளின் எண்ணிக்கை, ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற ஜல் ஜீவன் (மத்திய அரசின் கிராமக் குடிநீர்த் திட்டம்) அளவு, மேல்நிலைத் தொட்டியின் கொள்ளளவு எல்லாவற்றையும் அதில் எழுதவைத்தேன். வெறுமனே "தண்ணீர் வேண்டும்" என்றால் யாரும் அசைவதில்லை. ஊராட்சி ஒன்றியப் பொறியாளர் மதிப்பீடு தயாரித்தார். வரைபடத்தோடு நெடுஞ்சாலைத் துறைக்கு விண்ணப்பித்து, சாலைச் சீரமைப்புக் கட்டணம் கட்டியதும் அனுமதி வந்தது. சாலைக்கடியில் இரும்புக் குழாய் பதித்து, அதற்குள் குடிநீர்க் குழாயைச் செருகினார்கள்.

குறுக்கே பாசன வாய்க்கால் இருந்தால் நீர்வளத் துறையிடமும் முன்பே கேளுங்கள்.