கை வெட்டி வெட்டி இழுத்தா உடனே "நரம்புத் தளர்ச்சி"னு முடிவு பண்ணாதீங்க

எங்க சித்தப்பாவுக்கு ஹார்ட் நின்னு போய், சில நிமிஷம் கழிச்சு தான் திரும்ப துடிக்க வச்சாங்க. வீட்டுக்கு வந்தப்புறம் பாத்தா சும்மா உக்காந்திருந்தா கை அமைதியா கெடக்கும், காபி டம்ளரை எடுக்க கைய நீட்டினா மட்டும் வெடுக்கு வெடுக்குனு வெட்டும், காபி பூரா சட்டை மேல. சொந்தக்காரங்கள்ல பாதிப்பேர் "நரம்புத் தளர்ச்சி, சத்து மாத்திரை குடு"ன்னாங்க, மீதிப்பேர் "சும்மா இருக்கறப்ப வராதது டம்ளரை பாத்தா மட்டும் வருமா, நடிக்கிறாரு"ன்னாங்க.

இந்த ரெண்டாவது தப்ப மட்டும் தயவுசெஞ்சு யாரும் பண்ணாதீங்க, மனுஷன் அதுல தான் நொந்து போனாரு. மூளைக்கு ஆக்சிஜன் போகாம பிழைச்சவங்களுக்கு வர்ற இதுக்கு லான்ஸ்-ஆடம்ஸ் சிண்ட்ரோம்னு பேரு, லான்ஸ், ஆடம்ஸ்ங்கற ரெண்டு டாக்டருங்க 1963லயே இத பத்தி எழுதிட்டாங்க. அசைக்கப் போறப்ப வெட்டுறது தான் இதோட குணமே. மூளையோட மேல்பட்டையான கார்டெக்ஸ்ல கைய அசைக்கிற எடம் இருக்குல்ல, அதுக்கு இருக்க வேண்டிய கட்டுப்பாடு தளந்து போச்சுன்னா, கைய நீட்டணும்னு நெனச்சாலே அங்கருந்து சட்டுனு ஒரு சிக்னல் பாஞ்சிடும், பெரும்பாலும் 50 மில்லிசெகண்டுக்குள்ள அந்த வெட்டு முடிஞ்சிடும், நம்மால பிடிச்சு நிறுத்தவே முடியாது.

எல்லா ஆட்டத்தையும் பார்க்கின்சன்னு சொல்றதும் தப்பு. பார்க்கின்சன் நடுக்கம் ஒரே சீரா ஆடும், இது திடீர்னு தூக்கிப் போடும்.

மூளையோட மின் அலைகளைப் பதிவு பண்ற ஈஈஜி டெஸ்ட் நார்மல்னு வந்தா மூளையில ஒண்ணுமில்லனு விட்டுடாதீங்க. சாதாரண ஈஈஜியில சின்ன அலை மறைஞ்சு போயிடும். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னாடி பதிவான சிக்னலை மட்டும் எடுத்து, நெறைய வெட்டுகளோடத ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி சராசரி பாத்தா, கை வெட்டுறதுக்கு சுமார் 20 மில்லிசெகண்ட் முன்னாடியே கார்டெக்ஸ்ல ஒரு அலை தெரியலாம்.

அப்புறம் மருந்து. பக்கத்து வீட்டுக்காரர் ஃபிட்ஸுக்கு போடற மாத்திரைய வாங்கிப் போடாதீங்க, ஃபெனிடோயின், கார்பமசெபைன் மாதிரி சிலது இந்த வெட்ட அதிகமாக்கவே செய்யலாம். லெவிடிராசெட்டம், வால்ப்ரோயேட், குளோனசெபாம் தான் வழக்கமா குடுப்பாங்க, அதையும் கொறஞ்சிடுச்சேனு நீங்களா நிறுத்தினா வலிப்பு வரைக்கும் போகலாம்.

நியூராலஜிஸ்ட்கிட்ட வெறும் கைய வீசிட்டு போகாதீங்க. கை மடியில இருக்கறப்ப, நீட்டறப்ப, டம்ளரை எடுக்கறப்பனு மூணையும் போன்ல வீடியோ எடுத்துட்டு போங்க. நாங்க காட்டினப்ப டாக்டர் டம்ளர் எடுக்கற எடத்தை தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்தாரு, "இவர் நடிக்கலம்மா"னு சித்திகிட்ட மொதல்ல அதத்தான் சொன்னாரு.