மான் மோப்பம் பிடித்துவிட்டதா? அடுத்து எங்கே உட்காருவது

மூக்கைத் தூக்கியது, ஒரு சீறல், வெள்ளை வால் நிமிர்ந்தது, போயே போச்சு. வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் நடப்பதுதான். அதற்கப்புறம் பலரும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்: இந்த இடமே போச்சு என்று மரத்தில் கட்டிய பரணைக் கழற்றிக்கொண்டு காட்டின் மறுமூலைக்குப் போவது, இல்லாவிட்டால் ஒன்றுமே நடக்காதது மாதிரி மறுநாள் அதே மரத்தில் ஏறுவது. இரண்டுமே அவசர முடிவு. மான் எங்கே நின்று உங்களைப் பிடித்தது என்று தெரிந்தால்தான் அடுத்து எங்கே உட்காருவது என்று சொல்ல முடியும்.

(இதெல்லாம் அமெரிக்கா, கனடா பக்கம் சீசனில் லைசென்ஸ் எடுத்து வேட்டையாடுகிறவர்களுக்கு. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம், அங்கே இந்தப் பேச்சே கிடையாது.)

முதல் வேலை, கீழே இறங்காமல் இருப்பது. சீறிய மான் பல நேரம் கொஞ்ச தூரம் ஓடி நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும். வாடை வந்துவிட்டது, ஆனால் எந்த மரத்திலிருந்து என்று அதற்கு இன்னும் தெரியாது. அந்த நேரம் பார்த்து நீங்கள் ஏணியில் கால் வைத்தால் காட்டிக்கொடுப்பது நீங்களேதான். உட்கார்ந்த இடத்திலிருந்தே அது நின்ற இடத்தை ஒரு மரத்தையோ கல்லையோ வைத்து மனதில் குறித்துக்கொள்ளுங்கள், முடிந்தால் போன் வரைபடத்திலும் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள்.

அப்புறம், அது உண்மையிலேயே உங்களை மோந்ததா என்று யோசியுங்கள். முன்னங்காலால் தரையைத் தட்டி, தலையை மேலும் கீழும் ஆட்டி, காதை உங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றால், பெரும்பாலும் அது எதையோ பார்த்திருக்கிறது அல்லது ஏதோ சத்தம் கேட்டிருக்கிறது, இன்னும் முடிவுக்கு வரவில்லை. கண்ணையும் காதையும் மான் இரண்டாம் தடவை சரிபார்க்கும், மூக்கு சொன்னதை அப்படியே நம்பிவிடும். வாடை நேராக அடித்த மான் நின்று யோசிக்காது.

காற்றில் வந்த வாடையா, நீங்கள் நடந்து வந்த தடத்தின் வாடையா என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வந்துகொண்டிருந்த மான் நீங்கள் காலையில் கடந்த இடத்தில் சட்டென்று நின்று, மூக்கைத் தரைக்கு இறக்கி, ஒரு காலைத் தூக்கியபடி யோசித்துவிட்டு, வந்த வழியே மெல்லத் திரும்பினால் பரணில் ஒரு கோளாறும் இல்லை, நீங்கள் வந்த வழிதான் தப்பு. இடத்தை மாற்றாதீர்கள், பாதையை மாற்றுங்கள். ஓடை இருந்தால் தண்ணீரிலேயே நடந்து வரலாம், ரப்பர் பூட்ஸ் நல்லது, போகிற வழியில் செடிகொடிகளைக் கையால் ஒதுக்கிக்கொண்டு போகாதீர்கள்.

காற்று வாடைதான் என்றால் கதை வேறு. எருக்குக் குடும்பத்தைச் சேர்ந்த மில்க்வீட் செடியின் பஞ்சை நிறைய வேட்டைக்காரர்கள் பையில் வைத்திருப்பார்கள். ஒரு இழையைப் பிய்த்து விட்டுப் பாருங்கள். இருபது மீட்டர் நேராகப் போகும், அப்புறம் தயங்கும், சில சமயம் திடீரென்று பள்ளத்துக்குள் சரியும், அங்கேயே சுற்றிச் சுற்றி நிற்கும். உங்கள் வாடையும் அதே வழியில்தான் போகிறது. வானிலை ஆப் மேற்குக் காற்று என்று சொல்வது மரங்களுக்கு மேலே அடிப்பதை. வெயில் ஏறும்போது சரிவில் காற்று மேலே எழும், சாயங்காலம் குளிர்ந்து பள்ளத்தை நோக்கி இறங்கும். ஆகவே சாயங்காலம் கீழே ஓடைப் பக்கம் நின்ற மான் உங்களைப் பிடித்தது என்றால், அதே பரண் காலை வெயில் ஏறிய பிறகு சரியாகவே இருக்கலாம். சில நேரம் இடம் சரிதான், நேரம்தான் தப்பு.

இப்போது முக்கியமான கேள்வி, எவ்வளவு தூரம் நகர்வது. சின்ன மானோ பெட்டை மானோ ஒரே ஒரு சீறலோடு போயிருந்தால் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை. ஆனால் வயதான பெட்டை மான் பத்து நிமிடம் நின்று சீறிக்கொண்டே இருந்தது என்றால் அன்றைக்கு அந்தப் பகுதி முழுக்க உஷார், வேறு இடம் பாருங்கள். முதிர்ந்த ஆண் மான் என்றால் அதன் கணக்கே தனி. அது ஊரை விட்டு ஓடிவிடாது. ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை கட்டி ஆராய்ந்தவர்கள் பார்த்ததும் இதுதான்: ஆள் உட்கார்ந்த பரண் பக்கம் ஆண் மான்கள் பகலில் சில நாட்களுக்கு ஒதுங்கியே போகின்றன, இரவில் தாராளமாக வருகின்றன. ஆகவே அந்த மரத்துக்குச் சில நாள் ஓய்வு கொடுங்கள். நடுவில் ஒரு நல்ல மழை பெய்தால் தரையில் ஒட்டிய வாடையும் போகும்.

ஓய்வுக்குப் பிறகு அதே மரத்தில் ஏறாதீர்கள். ஒருமுறை மோந்த ஆண் மான் அடுத்த முறை அந்த மரத்தை நேராக நெருங்காது, காற்று போகும் பக்கமாக வளைந்து வந்து மூக்கால் சோதித்துவிட்டுத்தான் மேலே போகும். அப்படிச் சோதிக்க வசதியான இடம் எது என்று அதுவே ஏற்கெனவே உங்களுக்குக் காட்டிவிட்டது, முதலில் குறித்து வைத்தீர்களே அந்தப் புள்ளி. அன்றைக்கு அடித்த அதே திசைக் காற்று திரும்ப வரும் நாளில், அந்தப் புள்ளியைத் தாண்டி இன்னும் ஒரு இருபது முப்பது மீட்டர் காற்று போகும் பக்கம் தள்ளி உட்காருங்கள். பழைய மரத்திலிருந்து காற்று மானுக்கு, மானிடமிருந்து உங்களுக்கு, உங்களைத் தாண்டி வெளியே. அது பழைய மரத்தைச் சோதித்துக்கொண்டு நிற்கும்போது நீங்கள் அதற்குப் பின்பக்கம் இருப்பீர்கள்.

அதைவிட வளைந்து வந்தால் என்ன செய்வது? உங்களுக்குப் பின்னால் மான் நடக்க முடியாத ஏதாவது இருக்கிற இடமாகப் பாருங்கள்: ஆழமான ஆறு, ஏரி, செங்குத்தான கரை. வாடை தண்ணீருக்கு மேலே போய்த் தொலையட்டும். என்னைக் கேட்டால், வாடை போக்கும் ஸ்ப்ரேக்குச் செலவழிப்பதைவிட இப்படி ஒரு இடத்தைத் தேடுவது நூறு மடங்கு மேல். ஸ்ப்ரே அடிப்பதில் தப்பில்லை, அதை நம்பிக் காற்றை மறப்பதுதான் தப்பு.

மான் படுத்திருக்கும் இடத்துக்கு நெருக்கமாகப் போய் மாட்டிக்கொண்டீர்களா? மேட்டு நிலத்தில் ஆண் மான் அடிக்கடி காற்று மறைவான சரிவில், உச்சிக்குச் சற்றுக் கீழே படுக்கும். பின்னாலிருந்து வருவதை மூக்கு பார்த்துக்கொள்ளும், கீழே இருப்பதைக் கண் பார்த்துக்கொள்ளும். அங்கிருந்து அதைக் கிளப்பிவிட்டிருந்தால் திரும்ப அதே சரிவில் ஏறாமல், அது சாயங்காலம் தீனிக்கு இறங்கும் வழியில் தள்ளியே நில்லுங்கள்.

இதற்கெல்லாம் விலக்கு இணை சேரும் காலம். அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் நவம்பர் நடுவில் அது உச்சத்தில் இருக்கும். அப்போது ஆண் மான்கள் பெட்டையைத் தேடிக் கண்ட இடத்திலெல்லாம் அலையும், காலையில் ஒன்று உங்களை மோந்துவிட்டு ஓடினாலும் மத்தியானம் இதுவரை பார்க்கவே பார்க்காத இன்னொன்று அதே தடத்தில் வரும். அந்த நாட்களில் காற்று இன்னும் சாதகமாக இருந்தால் நான் இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டேன்.

ஓய்வு கொடுத்த நாட்களில் டிரெயில் கேமரா (மான் போகும் வழியில் கட்டி வைக்கிற, தானாகப் படம் எடுக்கும் கேமரா) கார்டை எடுக்கிறேன் என்று அந்தப் பக்கம் போய்விடாதீர்கள், மறுபடியும் தடம் பதிந்துவிடும். போனுக்குப் படம் அனுப்புகிற கேமரா சட்டப்படி அனுமதி உள்ள மாநிலமாக இருந்தால் அதை வையுங்கள், இல்லாவிட்டால் சும்மா விட்டுவிடுங்கள்.