தேதியிட்ட காப்புக் கோப்புறைகள்: பேட்ச் ஸ்கிரிப்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸில் நாள்தோறும் தேதியின் பெயரில் ஒரு காப்புக் கோப்புறையை உருவாக்கும் பேட்ச் ஸ்கிரிப்டை (கட்டளைகளை வரிசையாக இயக்கும் கோப்பை) எழுதுவோர் பெரும்பாலும் அன்றைய தேதியைத் தரும் டேட் என்னும் மாறியை நம்பித் தொடங்குகின்றனர். தவறும் அங்கேயே தொடங்குகிறது. அந்த மாறியில் கிடைப்பது, பிராந்திய அமைப்புக்கு ஏற்ப உருமாறும் வெறும் எழுத்துச் சரம். இந்திய ஆங்கில அமைப்பில் 15-05-2025 என்று வரும் தேதி, அமெரிக்க அமைப்பில் கிழமையின் மூன்றெழுத்துச் சுருக்கமும் ஓர் இடைவெளியும் முன்னே நிற்க, 05/15/2025 என்று வரும். முதல் ஆறு எழுத்துகளை விட்டு அடுத்த நான்கை ஆண்டாக வெட்டியெடுக்கும் வரி, முன்னதில் 2025 என்றும் பின்னதில் /15/ என்றும் தரும். இந்த அமைப்பு பயனர் கணக்குக்குக் கணக்கு வேறுபடக்கூடும் என்பதால், கையால் இயக்கியபோது சரியாக ஓடிய ஸ்கிரிப்ட், குறித்த நேரத்தில் நிரல்களை இயக்கும் டாஸ்க் ஷெட்யூலரில், விண்டோஸின் சொந்தக் கணக்கான சிஸ்டம் கணக்கின் கீழ் தடுமாறுவதுண்டு.

விண்டோஸின் மற்றொரு கட்டளைச் சூழலான பவர்ஷெல்லின் கெட்-டேட் கட்டளைக்கு வடிவத்தை நாமே கொடுத்து, விடையை ஃபார் கட்டளை வழியாக ஒரு மாறியில் வாங்குவதே நம்பகமான வழி. அங்கே மாதத்துக்குப் பெரிய எம் எழுத வேண்டும். சிறிய எம் நிமிடத்தைக் குறிக்கும். பழைய குறிப்புகள் பரிந்துரைக்கும், கணினித் தகவல்களைக் கேட்டறியும் டபிள்யூமிக் கருவியை மைக்ரோசாஃப்ட் கைவிட்டு வருவதால், புதிய ஸ்கிரிப்டுகளில் அதைச் சேர்க்காதிருப்பது நல்லது. தேதியை ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் ஒரே முறை வாங்க வேண்டும். இல்லையேல் நள்ளிரவைத் தாண்டும் நகலெடுப்பு இரண்டு கோப்புறைகளில் சிதறும். டைம் மாறியையும் சேர்ப்பவர்கள், காலை 10 மணிக்கு முன் அதன் தொடக்கத்தில் ஓர் இடைவெளி நிற்பதையும், கோப்புறைப் பெயரில் முக்காற்புள்ளி செல்லாது என்பதையும் மறக்கலாகாது.

இஃப், ஃபார் கட்டளைகளின் அடைப்புக்குறிக்குள் மாறிக்கு மதிப்பளித்து, அதே அடைப்புக்குள் அதைப் பயன்படுத்துவது இன்னொரு பொறி. அடைப்பு முழுவதையும் படிக்கும்போதே சதவீதக் குறிக்குள் உள்ளவை மாற்றப்பட்டுவிடுவதால், பழைய மதிப்போ வெறுமையோதான் கிடைக்கும். கட்டளை ஓடும் நேரத்தில் மாறியின் மதிப்பை எடுக்கும் தாமத விரிவாக்கத்தை இயக்கி, சதவீதக் குறிக்குப் பதில் ஆச்சரியக்குறியைப் பயன்படுத்தலாம். ஆனால் ஆச்சரியக்குறியுள்ள கோப்புப் பெயர்கள் அதில் சிதையக்கூடும் என்பதால், அடைப்புக்கு மேலேயே மதிப்பைத் தந்துவிடுவதை நான் விரும்புகிறேன்.

மாறிக்கு மதிப்பளிக்கும் செட் கட்டளையில் சமக்குறிக்கு முன் இடைவெளி விட்டால், அந்த இடைவெளியும் மாறியின் பெயரில் சேர்ந்துவிடும். நாம் எண்ணிய பெயரில் மாறியே இருக்காது. பழைய நகலை அழிக்கும் வரியில் இப்படித் தேதி வெறுமையானால், பாதையில் எஞ்சுவது எல்லா நகல்களையும் தாங்கும் தாய்க் கோப்புறை மட்டுமே. /எஸ் (உள்ளிருப்பவை அனைத்தையும் சேர்த்து), /கியூ (கேள்வியின்றி) ஆகியவற்றுடன் ஓடும், கோப்புறையை அழிக்கும் ஆர்டி கட்டளை, ஒரு கேள்வியும் கேட்காமல் அதைத் துடைத்துவிடும். ஆகவே அந்த வரிக்கு முன், மாறிக்கு மதிப்பு இல்லையெனில் ஸ்கிரிப்டை நிறுத்தும் இஃப் நாட் டிஃபைன்ட் சோதனை கட்டாயம் இருக்க வேண்டும்.