மூலிகைச் சாற்றின் உடனடி நச்சுத்தன்மை: ஆய்வக எலியில் சோதிப்பது எப்படி?

சாற்றை ஒரே ஒரு வேளை வாய்வழியாகக் கொடுத்து 14 நாள் கவனிப்பதுதான் பாதுகாப்புச் சோதனையின் முதல் கட்டம். இங்கே சொல்வது ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பு) வெளியிட்ட 423ஆம் சோதனை நெறிமுறைப்படி. ஓர் எலி இறந்தால், கொன்றது சாறா, அதில் தங்கிய மெத்தனால் போன்ற கரைப்பானா, மருந்தூட்டிய கையா என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். கீழே உள்ள வேலைகளில் பாதி அதற்காகத்தான்.

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வரும்வரை எலிகளை வாங்காதீர்கள்.

சாறு

தாவரத்தை வல்லுநரிடம் காட்டி உறுதிசெய்து, உலர்மாதிரியை எண்ணிட்டு வையுங்கள். கரைப்பானை ஆவியாக்கிய பிறகு, அடுத்தடுத்த இரண்டு நிறுவைகளில் எடை மாறாதவரை வெற்றிடத்தில் உலர்த்துங்கள். கரைப்பான் வாசம் லேசாக வந்தாலும் அது இன்னும் தயாராகவில்லை.

எலிகள்

8 முதல் 12 வார வயதுள்ள, ஈனாத, சினையில்லாத பெண் எலிகள். ஆண், பெண் இடையே வேறுபாடு தெரியும் இடங்களில் பெரும்பாலும் பெண்களே சற்று எளிதில் பாதிக்கப்படுவதால் இந்தத் தேர்வு. எடை சராசரியிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. 22 டிகிரி செல்சியஸ், 12 மணி நேர வெளிச்சம், பழகிக்கொள்ள குறைந்தது 5 நாள்.

அளவு

முன்தகவல் இல்லாத சாற்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 300 மி.கி.யில் தொடங்குங்கள். நஞ்சில்லை என்று நம்பத் தக்க தகவல் இருந்தால் 2000. முந்தைய இரவே உணவை எடுத்துவிடுங்கள், தண்ணீர் இருக்கட்டும். பட்டினிக்குப் பிந்தைய எடையை வைத்தே கணக்கிடுங்கள்.

180 கிராம் எலிக்கு 2000 மி.கி./கிலோ என்றால் 360 மி.கி. 100 கிராமுக்கு 1 மி.லி. என்ற வரம்புப்படி அது 1.8 மி.லி.யில் அடங்க வேண்டும், அதாவது மி.லி.க்கு 200 மி.கி. பசைபோல் இறுகி ஊசியை அடைத்தால், நீர்க்கரைசலுக்கு மட்டும் 100 கிராமுக்கு 2 மி.லி. வரை போகலாம். நீரில் கரையாததை 0.5% சிஎம்சி (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்) கரைசலில் கலக்குங்கள். அது அடியில் படியும். ஒவ்வோர் எலிக்கும் உறிஞ்சும் முன் கலக்காவிட்டால் முதல் எலிக்கு நீர்த்ததும் கடைசி எலிக்குக் கெட்டியானதும் போகும்.

மருந்தூட்டல்

உருண்டை முனை கொண்ட கேவேஜ் ஊசியை (வாய்வழியாக இரைப்பைக்குள் மருந்து செலுத்தும் குழாய்) எலியின் வாயிலிருந்து கடைசி விலா எலும்புவரை அளந்து குறியிடுங்கள். தோள்தோலைப் பிடித்து, தலையும் கழுத்தும் உடலும் ஒரே கோட்டில் வருமாறு நிமிர்த்துங்கள். வாயோரமாக நுழைத்தால் ஊசி தன் எடையிலேயே இறங்கும். தடுத்தால் தள்ளவே கூடாது. வெளியே எடுத்து மறுபடி முயலுங்கள். எலி திணறினாலோ மூக்கில் திரவம் வந்தாலோ உடனே நிறுத்துங்கள், ஊசி மூச்சுக்குழாயில் இருக்கலாம்.

உணவை 3–4 மணி நேரம் கழித்துக் கொடுங்கள்.

கவனிப்பு

முதல் 30 நிமிடத்துக்குள் ஒரு முறையாவது, முதல் 4 மணி நேரம் நெருக்கமாக, பின்பு 24 மணி நேரம்வரை இடையிடையே, அப்புறம் தினமும். நடுக்கம், வலிப்பு, எச்சில் வடிதல், கழிச்சல், சிலிர்த்த ரோமம், மயக்கம் ஆகியவற்றை நேரத்தோடு எழுதுங்கள். கண்ணோரச் சிவப்பைக் கண்டு இரத்தம் என்று எழுதிவிடுவார்கள் புதியவர்கள். அது பெரும்பாலும் கண் சுரப்பியின் போர்ஃபைரின் என்ற செந்நிறமியின் கசிவு. மன அழுத்தத்திலும் வரும். மீளமுடியாத துன்பத்தில் இருக்கும் எலியை 14 நாள் காக்கவைக்காதீர்கள். வலியின்றி முடித்து, இறப்பாகவே கணக்கிடுங்கள்.

ஒரு படிக்கு மூன்று எலிகள். இரண்டோ மூன்றோ இறந்தால் அடுத்த கீழ் அளவு. ஒன்று இறந்தாலும், எதுவும் இறக்காவிட்டாலும் அதே அளவு இன்னும் மூன்றுக்கு. முந்தையவை பிழைக்கும் என்று உறுதியான பின்பே அடுத்த படி.

எடையை வாரம் ஒரு முறையாவது பாருங்கள். இறந்தவை, பிழைத்தவை எல்லாவற்றையும் அறுத்துப் பாருங்கள். நுரையீரலில் சாற்றின் நிறம் தெரிந்தால் மருந்து மூச்சுக்குழாயில் போயிருக்கிறது, அந்த இறப்பைச் சாற்றின் தலையில் கட்டாதீர்கள்.

2000இல் ஆறும் பிழைத்தால் எல்டி50 (பாதி விலங்குகளைக் கொல்லும் அளவு) அதற்கு மேல் என்று மட்டும் எழுதலாம், "பாதுகாப்பானது" என்று எழுத முடியாது. தினமும் உட்கொண்டால் கல்லீரலும் சிறுநீரகமும் என்ன ஆகும் என்பதை ஒரு வேளை மருந்து காட்டாது. அதற்கு ஓஇசிடி 407: 28 நாள், குழுவுக்கு ஐந்து ஆண், ஐந்து பெண், மூன்று அளவுகளும், சாறு கொடுக்காத ஒரு கட்டுப்பாட்டுக் குழுவும்.