இயேசு படம்தானே, பிள்ளைகள் பார்க்கட்டும்!

ஒவ்வொரு லெந்து காலத்திலும் (ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம்) ஓய்வுநாள் பள்ளி முடிந்ததும் யாராவது ஒரு இளம் அம்மா என்னிடம் வருவார். "அக்கா, பெரிய வெள்ளிக்குப் பிள்ளைகளுக்கு என்ன படம் போடலாம்?" பெரும்பாலும் படம் ஏற்கெனவே முடிவாகியிருக்கும், என் சம்மதம்தான் பாக்கி. 'ஏ' படத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். நான் சறுக்கிய இடங்களை மட்டும் சொல்கிறேன்.

கிறிஸ்தவப் படம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடுவது

பாளையங்கோட்டையில் அம்மா வீடு. பெரிய வெள்ளி ஆலய ஆராதனையான மும்மணி தியானம் முடிந்து வந்து, கஞ்சி குடித்துவிட்டு எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். மெல் கிப்சனின் 'தி பேஷன் ஆஃப் தி கிரைஸ்ட்' டிவிடியைப் போட்டது நான்தான். மற்ற சினிமா என்றால் பாட்டு சரியில்லை, உடை சரியில்லை என்று ஆயிரம் விசாரிப்பேன். இதன் உறையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. 2004இல் வந்த அந்தப் படத்துக்கு அமெரிக்காவில் 'ஆர்' தரம். 17 வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் துணை வேண்டும். பிரிட்டனில் 18 வயதானவர்களுக்குத்தான் அனுமதி. என் மகளுக்கு அப்போது 6.

வாரினால் அடிக்கும் காட்சியில் பெரியவர்கள் அழுதோம். அவளும் அழுதாள். பிள்ளையின் மனசைத் தேவன் தொடுகிறார் என்று சந்தோஷப்பட்டேன் பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அன்று ராத்திரி விளக்கை அணைக்க விடவில்லை. மூன்றாம் நாள் கேட்டாள்: "நான் பென்சிலை ஒளிச்சு வச்சுட்டுப் பொய் சொன்னேன்ல, அதுக்காம்மா இயேசப்பாவ அப்படி அடிச்சாங்க?"

நம் பாவத்துக்காக அடிபட்டார் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவளும் நானே. அந்த வருடம் முழுக்க, ஆலயத்தில் சிலுவைப் பாட்டு தொடங்கினாலே என் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

யோவான் 19:1 அந்த அடியை ஒரே வரியில் சொல்லிவிடுகிறது: "அப்பொழுது பிலாத்து இயேசுவைப் பிடித்து வாரினால் அடிப்பித்தான்." படத்தில் அது நிமிடக்கணக்கில் ஓடும். காதால் கேட்கிற பிள்ளை தான் தாங்குகிற அளவுக்குத்தான் கற்பனை செய்துகொள்ளும். திரைக்கு அந்த அளவெல்லாம் தெரியாது. தாவீது கதையையே எடுங்களேன், குழந்தைகளுக்கான கார்ட்டூன் பெரும்பாலும் கவண்கல்லோடு நிறுத்திக்கொள்ளும். 1 சாமுவேல் 17இல் கோலியாத்தின் தலையை வெட்டுவதும் இருக்கிறதே, பெரியவர்களுக்கு எடுக்கிறவர் அதை விட்டுவிடுவாரா?

யூடியூபில் 'நரகத்தைப் பார்த்து வந்தேன்' என்று சாட்சி சொல்லும் வீடியோக்களும், உலக முடிவில் வரும் 666 முத்திரை என்று பயமுறுத்தும் வீடியோக்களும் இதே கணக்குதான். பேய்ப் படத்துக்குத் தடை போடும் வீடுகளில் இவை தாராளமாக ஓடுகின்றன.

இப்போதெல்லாம் பிள்ளைகள் தூங்கிய பிறகு முழுப் படத்தையும் நான் முதலில் பார்த்துவிடுகிறேன். சபைக் குழுவில் வந்த இணைப்பாக இருந்தாலும் சரி.

ஓடிடி வயது வரம்பைத் தணிக்கைச் சான்றிதழ் என்று நம்புவது

தியேட்டர் படத்துக்குத் தணிக்கை வாரியம் சான்று தருகிறது. ஓடிடி தொடருக்கு, 2021 விதிகளின்படி, அந்தத் தளமே வயது வரம்பைப் போட்டுக்கொள்கிறது. 13+ முதல் பூட்டு வசதி தரவேண்டும் என்று விதி உண்டு. பூட்ட வேண்டியது நாம். 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு தியேட்டரின் யு/ஏவும் 7+, 13+, 16+ என்று பிரிந்துவிட்டது. டிக்கெட் எடுக்கும் முன் அந்த எண்ணையும் பாருங்கள். அப்புறம், பணம்தான் வாழ்க்கை என்று இரண்டரை மணி நேரம் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிற படமும் 'யு'வோடு வரலாம். அதற்கு எந்த எண்ணும் கிடையாது.

பிலிப்பியர் 4:8ஐப் பிரம்பாக்குவது

'உண்மையுள்ளவைகளெவைகளோ' என்று தொடங்கி, நல்லவற்றையே சிந்தியுங்கள் என்று சொல்லும் அந்த வேத வசனத்தை டிவியை அணைக்கும்போது மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மகன் அதற்கு 'ரிமோட் வசனம்' என்று பெயர் வைத்துவிட்டான்.

போதகரிடம் பட்டியல் கேட்பது

வேண்டாம். பாவம், அவர் வீட்டிலும் இதே சண்டைதான்.

பாட்டி வீட்டுக்கு விதிவிலக்கு

அங்கே ஓடுவது சீரியல். மாமியார் மருமகளுக்கு விஷம் வைக்கிற நேரத்தில்தான் பிள்ளைகளுக்கு இரவுச் சாப்பாடு. அம்மா கையிலிருந்து ரிமோட்டை வாங்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.