சென்ட்ராலிட்டி போடும்போது பண்ணக்கூடாத தப்புங்க

போன வாரம் திருவாரூர் பக்கத்துலேருந்து ரெண்டு எம்.எஸ்சி. பசங்க ப்ராஜெக்ட்டுக்கு உதவி கேட்டு வந்தாங்க, ஆலிஸோட (செர்ன்ல இருக்குற அணுக்கரு மோதல் சோதனை) 2010 ஈய மோதல் டேட்டா, அவங்க போட்ட வரைபடத்த பாத்ததும் எனக்கு பகீர்னு ஆயிடுச்சு, முனைவர் பட்டத்தோட முதல் வருஷத்துல நான் பண்ணின அதே தப்பு. சென்ட்ராலிட்டின்னா ரெண்டு அணுக்கரு எவ்ளோ நேரா மோதுச்சுன்னு சொல்ற சதவீதக் கணக்கு, 0 பக்கம் நேர் மோதல், 100 பக்கம் ஓர மோதல். 0-5%ன்னா நேருக்கு நேர் மோதலா ஓர மோதலாங்கிற குழப்பமெல்லாம் ஒரே நாள்ல தீந்துடும், அத விட்டுடுறேன்.

மொத்தத்த தப்பா எடுக்குறது

ரெண்டு அணுக்கருவும் எவ்ளோ விலகி மோதுச்சுன்னு நேரா அளக்க வழியே இல்ல. அதனால வி-ஜீரோங்கிற டிடெக்டர்ல வர்ற சிக்னல (துகள் கூட வந்தா பெருசா வரும்) பெருசுலேருந்து சிறுசுக்கு அடுக்கி மேல இருக்குற 5 சதவீதத்த 0-5ன்னு வெட்டுறோம். எதுல 5 சதவீதம்? ஃபைல்ல இருக்குற இவென்ட்டுல இல்லைங்க, நடந்த மொத்த ஹாட்ரானிக் மோதல்ல (கருவுங்க நெசமாவே தொட்டு மோதுறது). ஓர மோதல்ல துகள் கம்மி, நெறைய டிரிகர்ல (எந்த இவென்ட்ட பதியணும்னு தீர்மானிக்கிறது) சிக்காது, அதே இடத்துல கருவுங்க தொடாமலே மின்காந்தப் புலத்தால மட்டும் நடக்குற இவென்ட்டுங்க வந்து கலந்துடும். களத்துல தூத்தாம பதரோட அளந்து, சிந்துன நெல்ல கணக்குல விட்டுட்டு, மா நிலத்துக்கு இத்தன கலம் கண்டுச்சுன்னு சொன்னா எப்படி?

ஓரத்துல 10% விட்டுப்போச்சுன்னு வைங்க. 0-5ங்கிறது 0-4.5 ஆகும், கண்ணுக்கே தெரியாது. ஆனா நீங்க 70-80ன்னு எழுதுறது நெசத்துல 63-72. 2.76 டி.இ.வி. ஆற்றல்ல 60-70க்கு மோதல்ல கலந்துக்குற நியூக்ளியான் (புரோட்டான், நியூட்ரான்) சராசரியா 30, 70-80க்கு 16தான். நெசத்துல நியூக்ளியான் கூட இருக்குற மோதலோட துகள் எண்ணிக்கைய எடுத்து 16ஆல வகுத்தா ஓர மோதல்ல துகள் எக்கச்சக்கமா வர்ற மாதிரி தெரியும். நாலு மாசம் அதுக்கு இயற்பியல் காரணம் தேடினேன், காரணமே கெடையாது, வகுத்தல்தான் தப்பு. இன்னிக்கு நெனச்சாலும் எரிச்சலா வருது, ஏன்னா எனக்கு ஒருத்தரும் இத முதல் நாள்ல சொல்லல.

கிளாபர் மாடலோட (எத்தன நியூக்ளியான் மோதுச்சுன்னு கணக்குப் போடுறது) நெகட்டிவ் பைனாமியல் (துகள் எண்ணிக்கைக்கான பரவல்) சேத்து வி-ஜீரோ பரவல ஃபிட் பண்ணுங்க, 90% எந்த சிக்னல்ல வருதுன்னு அதுலேருந்து எடுங்க, அதுக்குக் கீழ தொடாதீங்க. இந்த டேட்டாவுக்கு ஆலிஸ்ல அப்படித்தான் பண்ணினாங்க.

எண்ணுற டிராக்க (துகள் போன தடம்) வச்சே சென்ட்ராலிட்டி

கூடாது. வேற ராப்பிடிட்டில (பீமுக்கு வேற கோணத்துல) இருக்குற டிடெக்டர எடுங்க.

இசட்.டி.சி.ய மட்டும் நம்புறது

மோதாத நியூட்ரான எண்ணுற டிடெக்டர் அது. ரொம்ப ஓரமா மோதுனா நியூட்ரானுங்க துண்டுகளுக்குள்ளயே ஒட்டிக்கிட்டு பீம் பைப்போட போயிடும், கம்மியா தெரியும், நேர் மோதல்லயும் கம்மிதான். எதுன்னு பிரிக்க இன்னொரு டிடெக்டர் வேணும்.

புரோட்டான்-ஈயத்துலயும் இதே வெட்டு

வேணாம். 5.02 டி.இ.வி.ல ஒரு இவென்ட்டுக்கு சராசரியா 7 நியூக்ளியான் மோதல்தான், வெட்டுனா வர்றது பெரும்பாலும் துகள் எண்ணிக்கையோட ஏத்த இறக்கந்தான்.