டிரக்டர் பெட்டியைப் பூந்தேர் ஆக்கும் முறை

மாத்தளை முத்துமாரியம்மனுக்கு மாசிமகத்தில் ஐந்து தேர் ஓடும். எங்கள் தேயிலைத் தோட்டத்து அம்மனுக்குத் தேர் கிடையாது. வாரம் முழுக்கக் கொழுந்து ஏற்றுகிற டிரக்டர் பெட்டிதான் சித்திரைத் திருவிழாவில் ஓர் இரவு மட்டும் தேராகும். நுவரெலியாவுக்கு அருகே கந்தப்பளைப் பக்கம் எங்கள் டிவிசனில் (தோட்டத்தின் ஒரு பிரிவு) 18 வருடமாக நான்தான் அதற்குப் பூ வேலை செய்கிறேன். பக்கத்து டிவிசன் தம்பி, தங்கைகள் இந்த வருடம் தாங்களே செய்யப் போகிறார்களாம். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பூவைக் கடையில் வாங்க நினைக்காதீர்கள். ஏப்ரல் நுவரெலியாவில் சீசன்; ஹோட்டல்களும் விருந்தாளிகளும் பூவின் விலையை எங்கேயோ கொண்டு போய்விடுவார்கள். லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) வாசல்களிலேயே வேண்டிய பூ இருக்கிறது. பத்து நாளைக்கு முன்பே வீடு வீடாகப் போய், "அக்கா, அம்மனுக்கு டேலியா நாலு விட்டு வையுங்க" என்று சொல்லி வைத்தால் யாரும் மறுக்க மாட்டார்கள். தன் வீட்டுப் பூ தேரில் எங்கே இருக்கிறது என்று பிறகு தேடிப் பார்ப்பார்கள். அதனால் எல்லார் வீட்டுப் பூவும் கண்ணில் படுகிற இடத்தில் வர வேண்டும்.

எங்களுக்கு முக்கியமான பூ ஹைட்ரேஞ்சியா. ஒரு கொத்து இரண்டு கை நிறையும், சீக்கிரம் இடத்தை அடைத்துவிடும். தேயிலை மண் புளிப்பு மண். அதிலுள்ள அலுமினியத்தைச் செடி இழுத்துக்கொள்வதால் பூ நீலமாக வரும். மரக்கறித் தோட்டத்தில் டொலமைட் (மண்ணின் புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புத் தூள்) போட்ட பாத்தி ஓரமாக நிற்கும் செடியிலோ இளஞ்சிவப்பாகப் பூக்கும். இரண்டையும் கேட்டு வாங்குங்கள். நீலத்தைக் கீழேயும் சிவப்பை அம்மன் பக்கத்திலும் வைத்தால் விளக்கு வெளிச்சத்தில் எடுப்பாக இருக்கும்.

ஆனால் ஹைட்ரேஞ்சியா வாடுகிற வேகம் வேறு எந்தப் பூவுக்கும் இல்லை. ஒரு வருடம் நேரமில்லாமல் மத்தியானம் வெட்டி அப்படியே கட்டினேன். இரண்டாவது லயம் போவதற்குள் எல்லாம் தலை தொங்கிவிட்டது. அன்றைக்கு அம்மன் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. இப்போது திருவிழாவுக்கு முந்தின நாள் காலையில், பனி விலகும் முன்பே வெட்டுகிறோம். காம்பின் நுனியைச் சாய்வாக வெட்டி, படிகாரத் தூளில் தொட்டு, உடனே வாளித் தண்ணீரில் நிறுத்த வேண்டும். கட்டுவதற்கு முன் பூவையே அரை மணி நேரம் தலைகீழாகத் தண்ணீரில் முக்கி வையுங்கள். அந்த இதழ்களும் தண்ணீர் குடிக்கும்.

டேலியா வெட்டிய பிறகு சரியாக விரியாது, மலர்ந்ததைத்தான் எடுக்க வேண்டும். கிளாடியோலஸ் அப்படியில்லை. அடியில் இரண்டு மொட்டு நிறம் காட்டும்போதே வெட்டினால் திருவிழா அன்று விரிந்து நிற்கும். கான் (வடிகால்) ஓரத்து வெள்ளை லில்லியின் சாறு பட்டால் கை அரிக்கும், சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

அலங்காரத்தைக் கொழுந்து மடுவத்துக்குள்ளேயே (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) செய்யுங்கள். ஏப்ரலில் பின்னேரம் இடி மழை வந்தால் வெளியே ஒன்றும் மிஞ்சாது. பெட்டியைச் சுற்றி மூங்கில் சட்டம் கட்டி, கோழிவலை அடித்து, பின்னால் சைப்ரஸ் இலையை நெருக்கமாகச் செருகுங்கள். பூ குத்துவதற்கு ரெஜிபோம் (தெர்மோகோல்) வேண்டாம், அதில் தண்ணீர் நிற்காது. வாழைத்தண்டுதான் நல்லது. எங்கள் குளிரில் வாழை அவ்வளவாக வராது, அதனால் வலப்பனைப் பக்கம் போகிற லொறிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி எடுப்பிக்கிறோம். தண்டைப் பெட்டியின் விளிம்பில் படுக்க வைத்துக் கட்டி, கூரான ஈர்க்கால் துளை போட்டுக் காம்பைச் செருகினால் விடியும் வரை ஈரம் இருக்கும். தண்டு கனமானது, மேலே ஏற்றாதீர்கள். மேட்டு வளைவில் பாரம் மேலே இருந்தால் பெட்டி ஆடும்.

டிரக்டரின் புகைக்குழாய்க்கு நேரே உள்ள முன்பக்கத்தில் செவ்வந்தி மாலையும் இலையும் மட்டும் போதும். மற்றப் பூக்கள் அந்தச் சூட்டில் கருகிவிடும். விளக்கும் அப்படித்தான், பழைய குண்டு பல்பை விட்டு எல்ஈடி கட்டுங்கள்.

அப்புறம், ஒரு வாரத்துக்கு முன்பே பாதை முழுவதும் நடந்து பாருங்கள். தாழ்ந்த சவுக்குக் கிளைகளைத் தோட்டத் துரையிடம் (மேலாளர்) அனுமதி கேட்டு வெட்டலாம். கரண்ட் கம்பி தாழ்ந்திருந்தால் தேரின் உயரத்தைக் குறையுங்கள். கம்பியைக் கம்பால் தூக்கிவிட ஒருவரையும் தேர் மேல் ஏற்றாதீர்கள், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

விடியக்காலை தேர் கோயிலுக்குத் திரும்பியதும் வாங்கிய பூவை வீட்டுக்காரர்களே ஆளுக்கு ஒன்று எடுத்துப் போகட்டும். வலையையும் கட்டுக்கம்பியையும் கழற்றிச் சாக்கில் போட்டு வையுங்கள், அடுத்த வருடத்துக்கு உதவும். வாழைத்தண்டை வெட்டி எருக்குழியில் போட்டுவிட்டுப் பெட்டியைக் கழுவிக் கொடுங்கள். மறுநாள் காலையில் அதில் கொழுந்து ஏற வேண்டும்.